நேசத்தின் நாவலும் ஒரு வார்ப்புக் கிழங்கும்

உருளி போன்ற பெரிய வெண்கல வார்ப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. நேசம் அடுப்புக்குப் பக்கத்திலேயே, காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்த சிவப்பு நெருப்பின் சூட்டாலா, பயத்தாலா என்று தெரியவில்லை.

"வாசிக்கியா, இல்ல நான் வாங்கி அடுப்பில வைக்கட்டா?" என்று கேட்டாள் அவள் அம்மா ஞானம்மை அக்கா. கையில் கிழங்கு கிளறும் ஆளுயரத் துடுப்பு.

"வாசிக்கேன்" என்றாள் நேசம். உதடு மட்டும்தான் அசைந்தது.

நான் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பலாமரத்தடியில் நின்றேன். அவன் என் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். வழக்கமாக உடனே பிடுங்கிக் கழுவிவிடுவேன். அன்று அதுகூடக் கண்ணில் படவில்லை. நேசம் எழுதிய நாவல் எரிவதா, இருப்பதா என்று அன்று பகலில் முடிவாக வேண்டும். அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்தவளே நான்தான்.

கடிதம் போட்ட பிள்ளைகளுக்கு

போன வாரம் இந்தத் தொடரில், மகனுக்கு அந்தக் காலத்தில் பல் முளைத்ததையும் நான் பயந்து வைத்தியரை வரவழைத்ததையும் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் நிறைய எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: "நானும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்."

படித்ததும் கைகால் ஓடவில்லை. சந்தோஷம்தான். ஆனால் எனக்கு என்ன யோக்கியதை? நான் நாவல் எழுதியவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கதை அச்சில் வந்தது. பிறகு தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதிய சில கதைகள். இப்போது இந்தத் தொடர். நான் எதையாவது சொல்லி, நீங்கள் அதைக் கேட்டு, பரீட்சையும் கெட்டுப்போனால் உங்கள் அம்மாமார் என்னைத்தானே வைவார்கள்?

என் வீட்டுக்காரர் பாறசாலையில் பள்ளிக்கூட ஆசிரியர். அவரிடம் புலம்பினேன்.

"தெரியாததச் சொல்லாண்டாம். கண்டதச் சொல்லு" என்றார்.

நான் கண்டது பக்கத்து வீட்டு நேசத்தை. ஒரு பெண்பிள்ளை நாவலாசிரியை ஆனதை, கிழங்கு வாட்டிய அந்தப் பகலில், என் கண்ணால் கண்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். மடியில் கிடக்கும் சின்ன மகள் வேறு பேனாவைப் பிடித்து இழுக்கிறாள்.

நோட்டீஸின் மறுபக்கம்

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. இப்போது கோடு போட்டுவிட்டார்கள். நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், மலையாளத்தோடு, நின்றுபோனோம். அப்போது எதுவும் முடிவாகவில்லை. பனச்சமூட்டுக்கும் வெள்ளறடைக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில், இந்தத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் கோரினார்கள். பெண்கள் பேசிக்கொள்வோம். ஆண்கள் சிலர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டு பக்கத்தாரும் நோட்டீஸ் போட்டார்கள். சந்தை நாளில் பனச்சமூட்டில் அவை சருகுபோலக் கிடக்கும். ஒரு பக்கம்தான் அச்சு. மறுபக்கம் வெறுமை.

நேசத்துக்கு அந்த வெறுமை போதும். பதினைந்து பதினாறு வயது. கோயிலில், அதாவது எங்கள் ஊர் மிஷன் சர்ச்சில், சின்னப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுப்பாள். சந்தைக்குப் போய் வரும்போது நோட்டீஸ்களைப் பொறுக்கி, மண் தட்டி, மடியில் கட்டிக்கொண்டு வருவாள். மறுபக்கத்தில் நாவலை எழுதி, லேஸ் நூலால் தைத்துவிடுவாள். முன்பக்கத்தில் "திரண்டு வாரீர்" என்று இருக்கும். திருப்பினால் கதாநாயகி தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

நல்ல காகிதம் கிடைத்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்கும் பிள்ளைகள் இந்த இடத்தை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் காகிதம்தான் வினையாயிற்று. அந்நாட்களில் தடை உத்தரவு போட்டிருந்தார்கள். நோட்டீஸ் கட்டு வைத்திருந்தார் என்று பக்கத்து ஊரில் ஒருவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பேச்சு. அந்த வாரம் ஞானம்மை அக்கா நெல்லுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மகளின் நாவல். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நோட்டீஸ். அதுவும் பெட்டி நிறைய.

அடுத்த நிமிஷம் என் வீட்டு முற்றத்தில் நின்றாள். நேசம் பின்னாலேயே அழுதுகொண்டு வந்தாள்.

"மக்கா, நீதான் இவளுக்குக் கதை எழுதச் சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல அக்கா. அவ எழுதினத வாசிச்சேன், அவ்வளவுதான்."

"போலீசு வந்தா எனக்க மாப்பிளையப் பிடிச்சுக்கிட்டுப் போவான். 'அய்யா, இது கதையாக்கும், மறுபக்கம் பாருங்க'ன்னு நான் சொல்லட்டா? அவன் நின்னு வாசிப்பானா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. என் மகனின் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றால் நானும் அடுப்பைத்தான் தேடுவேன். ஆனாலும் நேசத்தின் முகத்தைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"இதப் பாத்து நல்ல தாள்ல பகர்த்தி எழுதிட்டு இத எரிச்சிரலாம் அக்கா. தாள் நான் தாறேன்."

"பகர்த்தி எழுததுக்கு எத்தன நாளு? அதுவர கிழங்கு ஆரு தொலிக்க, மாட்டுக்கு ஆரு புல்லு பறிக்க? ஆளு வாசிக்காத கதைக்கு இவ்வளவு மெனக்கேடா?"

"ஆளு கேட்டா?"

"ஆரு கேப்பா?"

"உங்க வீட்டுல நாளைக்குக் கிழங்கு வாட்டு உண்டே. வாறவங்ககிட்ட வாசிக்கட்டும். அவங்களுக்குப் பிடிக்கலன்னா நீங்களே அடுப்பில வையுங்க."

சொன்னதும் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இது எவ்வளவு பெரிய பந்தயம்! ஆனால் ஞானம்மை அக்கா அதற்குள் தலையை ஆட்டிவிட்டாள். அவளுக்கு அதில் ஒரு சௌகரியம் இருந்தது. அடுப்பு எப்படியும் எரியும்.

கைதட்டல் வாங்கிய மீன்காரி

நேசத்தின் நாவலை நான் முதலில் வாசித்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கதாநாயகி கமலம். அவள் கணவன் ஊர்வலம் நடத்துகிறவன். அவன் வாயைத் திறந்தால் பேருரை. அது போகட்டும். கமலமும் பேருரை. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டே பேருரை. வீட்டு வாசலில் சாளை விற்க வந்த மீன்காரி கூடையை இறக்கிவைத்து, "தாய்மாரே!" என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்கப் பேசுகிறாள். அந்தப் பேச்சின் நடுவில் அடைப்புக்குறிக்குள், "பலத்த கைதட்டல்."

"எட்டி நேசம், இங்க ஆரு கைதட்டுதா? வீட்டுல கமலம் மட்டும்தானே நிக்கா?"

"பத்திரிகையில அப்படித்தானே அக்கா போடுதாங்க?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வருஷங்களில் எங்கள் பிள்ளைகள் காலையில் ஒலிபெருக்கியில் விழித்து, ராத்திரி ஒலிபெருக்கியில் தூங்கினார்கள். பெரிய பேச்சு என்றால் மேடைப் பேச்சு என்றுதான் அவர்களுக்குத் தெரியும். வேறு ஊர்ப் பிள்ளை நாவல் எழுதினால் காதல் கடிதங்களால் நிரப்பியிருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளை கைதட்டல்களால் நிரப்பியிருந்தது.

"மீன்காரி சாளைக்கு வெல சொல்லட்டும். கமலம் குறச்சுக் கேக்கட்டும். அதுக்கெடையில ஒரு வார்த்தை நாட்டப் பத்திச் சொல்லிக்கிட்டுப் போகட்டும்" என்றேன்.

"அப்ப கருத்து?"

"கூடையத் தூக்கி விடச்சொல்லிக் கமலத்துக்கிட்ட கேப்பா இல்லியா? தூக்கி விடுதாளா இல்லியாங்கது கருத்து."

அவளுக்குப் பிடிக்கவில்லை. உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. சின்னப் பிள்ளையின் மனதை ஒடித்துவிட்டேனோ? ஒருவேளை கருத்துத்தான் முக்கியமோ? காலையில் போய் "நான் சொன்னத விட்டுரு" என்று சொல்லலாம் என்றுகூட இருந்தேன். அதற்குள் அவள் ஒரு புது அத்தியாயத்தை எழுதி, வேலிக்கு மேலாக நீட்டினாள். அதில் ஒரு பேருரைகூட இல்லை. ஆனால் அது பாதியில் நின்றிருந்தது.

"பெறகு என்ன எழுததுன்னு தெரியல்ல அக்கா. பழைய அத்தியாயந்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

வார்ப்பைச் சுற்றி

கிழங்கு வாட்டு என்பது எங்கள் பக்கம் இன்று உன் வீட்டில், நாளை என் வீட்டில் என்று நடப்பது. மழைக்காலச் சாப்பாட்டுக்காக மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியைப் பிடுங்கி, தோலைத் தொலித்து, அரிந்து, வார்ப்பில் அரை வேக்காடாக வேகவைத்து, பாறையில் காயப்போடுவார்கள். அந்த அரை வேக்காட்டில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் கூடினால் குழைந்துவிடும், காயவைக்க முடியாது. அதனால் துடுப்பு எப்போதும் அந்த வீட்டுக்காரியின் கையில்.

அன்று வந்தவர்களில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருத்தி தங்கம்மை. ஊருக்கே கேட்கும் தொண்டை. இன்னொருத்தி ஜானகி சேச்சி. மலையாளம் பேசும் காட்டாக்கடையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். தமிழ் முழுக்கப் புரியும். பதில் மலையாளத்தில் சொல்வாள். அரிவாள் வேகத்தில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

நேசம் முதல் அத்தியாயத்தை எடுத்தாள். நான் வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவள் பார்க்கவில்லை.

"'வீறுகொண்டு எழுவோம்! விலங்கொடிப்போம்!' என்று முழங்கினான்..."

தங்கம்மை கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "நேத்து சந்தையில நல்ல அயிலை கெடந்துது கேட்டியா" என்றாள். அவள், "வெல?" என்றாள். மீன் பேச்சு வட்டத்தைச் சுற்றி வந்தது. நேசம் குரலை உயர்த்தினாள். மீன் பேச்சும் உயர்ந்தது.

"எட்டி நேசம், இத நேத்து மைக்கில கேட்டாச்சு. வேற உண்டா?" என்றாள் தங்கம்மை. எல்லாரும் சிரித்தார்கள். ஞானம்மை அக்கா சிரிக்கவில்லை. ஒரு விறகை உள்ளே தள்ளினாள்.

மகன் அழத் தொடங்கினான். அவனை ஆட்டிக்கொண்டே நேசத்தின் பக்கத்தில் போய், "கடைசி அத்தியாயத்த எடு" என்றேன்.

"அது முடியல்லியே அக்கா."

"முடிஞ்ச வரைக்கும் வாசி."

அவள் வாசிக்கத் தொடங்கினாள். குரல் தாழ்ந்திருந்தது. இந்த அத்தியாயத்தில் யாரும் முழங்கவில்லை. கமலத்தின் அக்காளைக் காட்டாக்கடையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அக்காளின் கணவன் மறுகட்சி. இரண்டு மருமகன்களும் பேசி ஒரு வருஷமாகிறது. பஸ் ஓடாத ஒரு நாளில் ஆள் வந்து சொல்கிறான்: அக்காளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. கமலத்தின் கணவன் சொல்கிறான், "அந்த வீட்டு நடையை நீ மிதிக்கக் கூடாது." சொல்லிவிட்டு ஊர்வலத்துக்குப் போய்விடுகிறான். கமலம் ஒரு குப்பியில் தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு வந்து தன் வீட்டு நடையில் நிற்கிறாள்.

அவ்வளவுதான். நேசம் நிறுத்தினாள்.

அயிலை பேச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அரிவாள் சத்தமும் குறைந்திருந்தது.

"எண்ணெய் மட்டுமா?" என்றாள் தங்கம்மை. "பிள்ள காணப் போறவ கருப்பட்டி கொண்டு போவாண்டாமா?"

"அது கெட்டினவனுக்கத் தென்னையில உள்ள தேங்காய் இல்லியா?" என்றாள் இன்னொருத்தி. "அவன் போகாதன்னு சொன்ன வீட்டுக்கு அவனுக்க எண்ணெயவே கொண்டு போவாளா?"

"பின்ன வெறுங்கையோட போவாளா? நல்ல கத!"

"அவ போவவே மாட்டா. ராத்திரி அவன் வந்தா அடி ஆரு வாங்க?"

"போவாட்டா அவ ஒரு தங்கச்சியா?"

"எக்கா, உனக்கு அடி விழுந்தா தெரியும்!"

"எனக்க மாப்பிளை கை ஓங்கட்டும் பாப்போம், துடுப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்!"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். கமலம் என்று ஒருத்தி உலகத்தில் இல்லை. நேசம் அவளை நோட்டீஸின் மறுபக்கத்தில் உண்டாக்கினாள். ஆனால் இவர்கள் அவளுக்காகச் சண்டை போடுகிறார்கள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேசம் வாயைத் திறந்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாவல் எழுதும் பிள்ளைகளே, உங்கள் கதையை உங்கள் மேல் பிரியமில்லாத ஒருத்தியிடம், அவள் வேலையாக இருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். அவள் மீனைப் பற்றிப் பேசினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். உங்கள் ஆளுக்குப் புத்தி சொல்ல வந்தால் விடாதீர்கள், அந்தப் பக்கத்தில் உயிர் இருக்கிறது.

இதுவரை ஜானகி சேச்சி மட்டும் பேசவில்லை. கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

"சேச்சி, நீ சொல்லு. உனக்க ஊரு இல்லியா? அவ போவாளா?" என்று தங்கம்மை சீண்டினாள்.

"அவள் போணம்" என்றாள் சேச்சி, போகத்தான் வேண்டும் என்று. பிறகு, மெதுவாக, "ஞான் போயில்லா."

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் அண்ணனும் அவள் கணவனும் இந்தத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்டவர்கள். அண்ணன் மனைவிக்குப் பிள்ளை பிறந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். சேச்சி போய்ப் பார்க்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை.

நேசம் நடுங்கிப்போனாள். "சேச்சி, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் சும்ம நெனச்சு எழுதினதாக்கும்."

சேச்சி தலையை ஆட்டினாள். அழவில்லை. "பாக்கி எழுது மோளே" என்றாள். "அவள் எண்ணெயும் கொண்டு இறங்கட்டெ."

காற்றில் ஏதோ ஒரு மணம் மாறியிருந்தது. தங்கம்மைதான் முதலில் மூக்கைச் சுருக்கினாள்.

"எக்கா! கிழங்கு!"

குழைந்த கிழங்கு

ஞானம்மை அக்கா துடுப்பை ஊன்றி, அதன் மேல் மோவாயை வைத்து, மகளையே பார்த்தபடி நின்றிருந்தாள். வார்ப்புக்குள் கிழங்கு களியாகியிருந்தது. ஒரு வார்ப்பு முழுக்க. மழைக்காலத்துக்கான கிழங்கு!

தீயை இழுத்து, தண்ணீர் ஊற்றி, எல்லாரும் ஓடினோம். பயனில்லை. பாறையில் காயப்போட ஒரு துண்டுகூட முழுசாக இல்லை.

ஞானம்மை அக்கா துடுப்பைக் கீழே போட்டாள். நேராக நேசத்திடம் போய்க் காகிதக் கட்டைப் பிடுங்கினாள். நான் "அக்கா!" என்றேன். எல்லாம் என்னால்தான். கிழங்கும் போயிற்று, நாவலும் போயிற்று.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். கட்டைப் பிரித்தாள். அவளுக்குக் கொஞ்சம் எழுத்துக்கூட்டத் தெரியும். கோயிலில் வேதம் வாசித்துப் பழகியது. கடைசித் தாளைப் புரட்டினாள். முன்பக்கத்தில் அச்சு. பின்பக்கத்தில் பாதியில் நின்ற வரி. இன்னொரு முறை புரட்டினாள்.

"இதுக்கு மேல ஒண்ணும் இல்லியா?"

"எழுதல்ல அம்மா."

"அப்ப அவ நடையிலயே நிக்கணுமா? எண்ணெயக் கையில வச்சுக்கிட்டு?"

நேசம் அழத் தொடங்கினாள்.

"அழதுக்கு நேரம் இல்ல. முதல்ல அவள எறக்கி விடு. பெறகு எல்லாத்தையும் இந்தப் பிள்ளைக்க வீட்டுல இருக்குத நல்ல தாள்ல பகர்த்து. பெறகு இத நானே எரிக்கேன்." என்னைச் சுட்டிக்காட்டியபடி காகிதக் கட்டை மகளின் கையில் திணித்தாள். "எதுக்குட்டி நிக்குத? போ உள்ள!"

நேசம் ஓடினாள். ஓட்டத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறின.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான்.

குழைந்த கிழங்கை என்ன செய்வது? தங்கம்மை தேங்காய் துருவினாள். யாரோ காந்தாரி மிளகாயும் உள்ளியும் நசுக்கினார்கள். வாழையிலையை அறுத்துப் போட்டு, பலாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, நாக்கு வெந்தபடி தின்றோம். வீட்டுக்குள்ளே தாள் புரளும் சத்தம் கேட்டது.

தங்கம்மையால் பொறுக்க முடியவில்லை. வாயில் கிழங்கோடு ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"எட்டி நேசம்! அவளுக்க கையில ரெண்டு கருப்பட்டியும் குடு!"

"ஒரு நல்ல முண்டும் துணியும்" என்றாள் ஜானகி சேச்சி, தலையை நிமிர்த்தாமல்.

"பஸ்சு இல்லியே, வண்டிக்காரன வரச்சொல்லு!" என்றாள் இன்னொருத்தி.

ஞானம்மை அக்கா கையை ஓங்கினாள்.

"சத்தம் போடாம, மிண்டாம தின்னுங்க எல்லாவளும். உள்ள பிள்ள எழுதுதா."